வடிவமைப்பில் தனித்து நிற்கும் பரிசுகள்: யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் கொடுக்க, அழகோடு அன்றாடப் பயன்பாடும் சேர்ந்த பொருள்களைத் தேடி வருகிறேன். அலமாரியில் தூசி படியும் அலங்காரப் பொருள்கள் வேண்டாம்.

என் மனத்தில் உள்ள தரத்துக்கு எடுத்துக்காட்டு, 1966இல் வெளிவந்து இன்றும் தயாரிக்கப்படும் லாமி 2000 ஊற்றுப்பேனா. மை நிரப்புவதற்காகத் திருகும் பின்பகுதி உடலோடு சேரும் கோடு கண்ணுக்கே எளிதில் புலப்படாத அளவுக்கு அதில் அத்தனை நேர்த்தி. அது தங்கைக்கு என்று முடிவு செய்துவிட்டேன். பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ 1936இல் வடிவமைத்த, அலைபோல் வளைந்த கண்ணாடிப் பூச்சாடியும் மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால், அடிக்கடி வீடு மாறும் நண்பருக்கு உடையக்கூடிய பொருளைக் கொடுக்க மனம் வரவில்லை. அவருக்கு மடித்து எடுத்துச் செல்லக்கூடிய மேசை விளக்கு பொருந்துமா?

எனக்கு மிகவும் முக்கியமானது அப்பாவுக்கான பரிசு. பார்வை மங்கி வரும் அவருக்கு, எண்கள் பெரிதாகவும் பின்னணியிலிருந்து பளிச்சென்று பிரிந்தும் தெரிகிற, முதியோருக்கென்றே செய்தது போன்ற தோற்றமில்லாத மேசைக் கடிகாரம் ஒன்று வேண்டும். நீங்கள் பயன்படுத்திப் பார்த்தவை இருந்தால், எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு காலம் உழைத்தது என்பதையும் சேர்த்துத் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.