கொழும்பு இளைஞர் பிரிவு: விடுமுறையில் உதவ வருபவர்கள் அறிந்திருக்க வேண்டிய சிறுவர் பாதுகாப்பு ஒழுங்கு

அன்பான ஊரவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டன், ரொறன்ரோ, சூரிச், மெல்பேர்ண் கிளைகளிலிருந்து வருகிற பலர், வெள்ளவத்தை சனிக்கிழமை வகுப்புகளில் உதவவும், ஊர்த் திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகளின் பஸ்ஸில் கூடவரவும் விருப்பம் தெரிவித்திருக்கிறீர்கள். சந்தோசம். ரிக்கெற் போட முன்னர் இதை ஒருக்கால் முழுதாக வாசித்துவிடுங்கள்.

"அவர் எங்கட ஆள், தகப்பனையும் தெரியும், பேரனையும் தெரியும்." ஊர்ச் சங்கங்களில் பொறுப்புக் கொடுக்கும் முறை இதுதான். பிள்ளைகள் விசயத்தில் இதைச் சோதனையாகக் கணக்கெடுக்க முடியாது. பிள்ளைகளைத் துன்புறுத்துபவர்களில் பெரும்பாலானோர் அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். முதலில் பெற்றோரின் நம்பிக்கையைப் பிடிப்பார்கள். பிறகு தகப்பன் வெளிநாட்டிலோ, தாய் வேலைக்குப் போய்ப் பிந்தி வருகிறவரோ, அப்படியான பிள்ளையாகப் பார்த்து நெருங்குவார்கள். ஃபோனுக்கு ரீலோட் போட்டுவிடுவது, ஓட்டோவில் கொண்டுபோய் விடுவது, "அம்மாவுக்குச் சொல்லாதே" என்று சின்ன இரகசியம் ஒன்றை வைத்துப் பார்ப்பது என்று அது மெல்ல நகரும். ஆகவே எங்கள் ஒழுங்கு ஆளின் குணத்தை எடைபோடப் போவதில்லை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மற்றவர் கண்ணில் படாமல் தனித்திருக்கும் இடமும் நேரமும் எங்கே உண்டாகின்றன என்று தேடி, அதை அடைக்கிறது. தலைவருக்கும் இதுதான், குருக்களுக்கும் இதுதான், மண்டபத்துக்கு ஏசி வாங்கித் தந்தவருக்கும் இதுதான்.

வகுப்புகளில் அப்படியான ஓட்டைகள் எப்போதும் ஒரே இடங்களில்தான். மிருதங்கம், வயலின் போன்ற தனி வகுப்புகளை அறைக்குள் வைக்காமல் மண்டபத்தின் மூலையிலேயே வையுங்கள். சத்தம் இடைஞ்சல் என்றால் கதவு திறந்திருக்க வேண்டும், அடுத்த மாணவர் 15 நிமிடம் முந்தி வந்து உள்ளே இருக்க வேண்டும். நடனத்திலும் கராத்தேயிலும் கையைக் காலைத் திருத்த வேண்டிவரும். "தோளைப் பிடித்துத் திருத்தலாமா?" என்று பிள்ளையைக் கேட்டு, எல்லாருக்கும் முன்னால் செய்யலாம். ஆண்டு விழாவில் மிகவும் கவனமில்லாமல் விடப்படும் இடம் ஒப்பனை அறை. உடுப்பு மாற்றும் பக்கத்தைத் திரைபோட்டுப் பிரியுங்கள். அங்கே தாய்மார் மட்டும், குறைந்தது இரண்டு பேர். ஒப்பனைக்காரர் திரைக்கு வெளியே, வெளிச்சத்தில் இருந்து வேலை செய்வார். படம் எடுப்பவருக்கு மேடைக்குப் பின்னால் வேலையே இல்லை.

வகுப்பு முடிந்தபின் கடைசிப் பிள்ளை காத்திருக்கும் நேரம்தான் எல்லோரும் மறப்பது. காலி வீதி நெரிசலில் தாய் அரை மணித்தியாலம் பிந்துவது புதினமில்லை. அதுவரை இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டும், ஒருவர் போதாது. யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் எழுதித் தந்த பட்டியலில் இல்லாதவர், மாமாவாக இருந்தாலும், தாயுடன் ஃபோனில் கதைத்த பிறகுதான் கூட்டிப்போகலாம்.

பிரம்பு வகுப்புக்குள் வரக்கூடாது. அடி வாங்கிப் பழகிய பிள்ளை அதே மாஸ்டரைப் பற்றி எதையும் வெளியில் சொல்லாது என்பதே போதிய காரணம்.

பஸ் பயணத்துக்குப் பெரியவர்களின் எண்ணிக்கையை பிரித்தானியாவின் சிறுவர் பாதுகாப்புத் தொண்டு அமைப்பான என்எஸ்பிசிசி சிபாரிசு செய்யும் அளவில் எடுத்திருக்கிறோம்: 4 முதல் 8 வயது வரை 6 பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 12 வரை 8 பேருக்கு ஒருவர், 13 முதல் 18 வரை 10 பேருக்கு ஒருவர், எவ்வளவு சிறிய குழுவானாலும் குறைந்தது இரண்டு பேர். பெண் பிள்ளைகள் இருந்தால் அதில் பெண்களும் இருக்க வேண்டும். இரவுப் பஸ்ஸில் பெரியவர்கள் முன்னுக்கும் நடுவிலும் பின்னுக்குமாகப் பிரிந்து இருப்பார்கள், பிள்ளைக்குப் பக்கத்து ஆசனத்தில் அல்ல. முறைவைத்து இருவர் விழித்திருப்பார்கள். வழியில் கழிவறைக்கு மூன்று மூன்று பிள்ளைகளாக அனுப்புங்கள். ஊரில் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் வேறு வேறு அறை, பெரியவர்களுக்குப் பக்கத்து அறை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைத் துன்புறுத்துவதும் நடக்கிற விசயம்தான், ஆகவே 16 வயதுக்காரரையும் 9 வயதுக்காரரையும் ஒரே அறையில் போடாதீர்கள்.

இனி, கொஞ்சம் மனவருத்தம் தரக்கூடிய பகுதி. படிப்புக்கு மாதாமாதம் உதவும் அன்பர்கள் பலர், தாங்கள் உதவும் பிள்ளையுடன் நேரே கதைக்க விரும்புகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேரின் எண்ணத்தில் குறை ஒன்றும் இருக்காது. ஆனால் காசு தருகிறவருக்கு "இல்லை" என்று சொல்லப் பிள்ளையாலும் முடியாது, தாயாலும் முடியாது. அந்த வீட்டில் அடுத்த மாதக் கட்டணம் அவர் கையில். ஆகவே பணம் சங்கக் கணக்குக்கு வரும், அங்கிருந்து தாயின் அல்லது பாதுகாவலரின் வங்கிக் கணக்குக்குப் போகும். உங்களுக்குத் தவணைதோறும் புள்ளி விபரம் வரும், பிள்ளையின் ஃபோன் இலக்கம் வராது. கடிதமும் பிறந்தநாள் பரிசும் செயலாளர் ஊடாக. நேரில் பார்க்க வேண்டுமென்றால் வகுப்பு நடக்கும் மண்டபத்தில், தாயும் செயலாளரும் இருக்கும்போது. ஹோட்டலிலோ நீங்கள் வாடகைக்கு எடுத்த அப்பார்ட்மென்டிலோ அல்ல. முகநூலில் படம் போடுவதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பெயர், பாடசாலைச் சின்னம், வீட்டு வாசல் ஒன்றும் தெரியக்கூடாது. பயிற்றுநர்களும் பிள்ளைக்குத் தனியாக வட்ஸ்அப், வைபர் அனுப்புவதில்லை. தாயோ தகப்பனோ இன்னொரு பயிற்றுநரோ உள்ள குழுவில் மட்டும்.

சான்றிதழ் பற்றி. இங்குள்ளவர்கள் பொலிஸ் அறிக்கையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் தருவார்கள். பிரித்தானியாவிலிருந்து வருபவர்கள் வேலையிடத்து டிபிஎஸ் கடிதத்தை, அதாவது குற்றப் பதிவுச் சோதனைக் கடிதத்தை, அனுப்புகிறீர்கள். அது அந்நாட்டில் ஒரு குறிப்பிட்ட பணிக்காக எடுத்தது. வெளிநாட்டில் பிள்ளைகளுடன் பணிசெய்யப் போகிறவர்களுக்கென்றே ஐசிபிசி எனப்படும் சர்வதேச சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறது, அதை எடுங்கள். மற்ற நாட்டவர்கள் அந்தந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழை எடுக்கலாம். சுத்தமான சான்றிதழ், பதிவில் ஒன்றும் இல்லை என்பதைத்தான் சொல்லும், அதற்கு மேல் இல்லை. அதனால் உறவுமுறை இல்லாத இருவரிடம் ஃபோனில் விசாரிப்போம், முதல் மூன்று மாதம் ஒருவருக்கும் தனிப்பொறுப்புக் கொடுக்கமாட்டோம். இன்னொன்று: பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி, அந்நாட்டவர் இங்கே பிள்ளைக்குச் செய்த குற்றத்துக்கு அங்கேயே வழக்குத் தொடரலாம். கனடா, அவுஸ்திரேலியச் சட்டங்களிலும் இதற்கு இடமுண்டு.

ஒரு பிள்ளை வாய்திறந்தால் என்ன செய்வது? கேளுங்கள், குறுக்கிடாதீர்கள். "அவர் இப்படிச் செய்தாரா?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள், "பிறகு என்ன நடந்தது?" போதும். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, திகதி, நேரத்துடன் அன்றே எழுதி வையுங்கள். பிறகு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். 24 மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். சந்தேகம் வீட்டாள் மேலேயே என்றால், வீட்டுக்குச் சொல்ல முன்னரே 1929.

உடல்ரீதியாக ஏதும் நடந்திருந்தால் குளிக்க வார்க்கக் கூடாது, உடுப்பைத் தோய்க்கக் கூடாது. உடுப்பைக் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கிச் சான்று கெட்டுவிடும். பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன், விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். ஃபோனில் வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் இருந்தால் அதை ஒருவருக்கும், தலைவருக்கும்கூட, அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம்.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் கேட்பது கொழும்பில் நடக்கும். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரைக் கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள்.

நிர்வாக சபை தானே விசாரணை வைக்கக்கூடாது. இருதரப்பையும் கூப்பிட்டு, கோயில் வீதியில் நாலு பெரியவர்கள் இருந்து தீர்க்கும் காணிப் பிணக்கு அல்ல இது. திரும்பத் திரும்பக் கேட்கும்போது பிள்ளையின் வாக்கு மாறும், எதிராளி உசாராகி ஃபோனைத் துடைத்துவிடுவார். பிள்ளையின் வாக்கை வீடியோவில் பதிந்து நீதிமன்றில் சான்றாகக் கொடுக்க 1999ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டமிருக்கிறது. அந்த முதல் பதிவை நாங்கள் கெடுக்கக்கூடாது. சந்தேகத்துக்குரியவரைச் சத்தமில்லாமல் விலக்குவதும் தீர்வல்ல, அவர் அடுத்த சங்கத்தின் வகுப்புக்குப் போவார். அமெரிக்கச் சாரணர் அமைப்பு, தான் விலக்கியவர்களின் கோப்புகளைப் பல பத்தாண்டுகள் தன்னிடமே பூட்டி வைத்திருந்தது. 2020இல் வங்குரோத்து மனுப் போட்டபோது 80,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன.

கொழும்பில் முறைப்பாட்டைக் கேட்க இருவரை நியமிக்கிறோம். ஒருவர் பெண், இருவருமே தலைவருக்கோ பொருளாளருக்கோ உறவில்லாதவர்கள். அவர்களின் இலக்கங்களும் 1929உம் மண்டபக் கதவில், பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டப்படும். வெளிநாட்டுக் கிளைகளிலிருந்தும் ஒவ்வொருவரின் பெயர் தேவை, இந்த மாத முடிவுக்குள் அனுப்பிவிடுங்கள். சான்றிதழ் வந்து சேராதவர்களுக்கு பஸ்ஸில் ஆசனம் ஒதுக்கப்படாது. மாவிளக்குப் போடவும் தேர் இழுக்கவும் தாராளமாக வரலாம்.

கொழும்புக் கிளை நிர்வாக சபை