மறு: மறு: புல்லுக்கு என்ன ஆடம்பரம்? (வெள்ளிக்கு முதல் சொல் வேணும்)

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பு:
எல்லாருக்கும் வணக்கம். பால்மாடு வளர்க்கிற ஆக்களுக்கு தீவனப்புல்லைப் பற்றி ஒரு கையேடு தமிழில செய்துகொண்டிருக்கிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஒரு இடம்தான் இடிக்குது. பொட்டாஷ் பசளையை அள்ளிப் போட்டா புல்லு தன்ர வளர்ச்சிக்கு வேண்டியதுக்கு மேலயும் இழுத்தெடுக்கும், உலர்நிறையில பொட்டாசியம் 2 வீதமளவு காணும் எண்ட இடத்தில 4 வீதத்தையும் தாண்டிப் போகும், ஆனா விளைச்சல் துளியும் கூடாது. இங்கிலீசில இதை லக்சறி கொன்சம்ப்சன் எண்டுறாங்கள். பழைய துண்டுப்பிரசுரம் ஒண்டில "ஆடம்பர நுகர்ச்சி" எண்டு கிடக்கு. அதை ஒரு பால்கார ஐயாவிட்ட வாசிச்சுக் காட்ட, "புல்லு என்ன பிள்ளை, நகை நட்டு வாங்குதோ" எண்டு கேட்டார். ஆரும் நல்ல சொல்லாச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை ரீச்சர்:
முதல்ல அந்த நுகர்ச்சியைத் தூக்குங்கோ தங்கச்சி. நுகர்றது விலங்கு, தாவரம் வேரால செய்யிறது உள்ளெடுத்தல், உயர்தர உயிரியல்ல பிள்ளையள் அப்பிடித்தான் படிக்கினம். "ஆடம்பர உள்ளெடுப்பு" எண்டா வேலை முடிஞ்சுது. பிறகு அது பொட்டாசியம் இல்லை, பொற்றாசியம். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் எண்டு ஒரே சீராப் போங்கோ, கையேட்டில ஒண்டு பாடப்புத்தகத்தில வேறொண்டு எண்டா பிள்ளையளுக்குத்தான் தலையிடி.

தெகிவளை சொல்லாய்வு:
ரீச்சர் நுகர்ச்சியை எடுத்தது சரி, ஆனா ஆடம்பரத்தை ஏன் விட்டவா? அது வடசொல், வடமொழியில அதுக்கு முதற்பொருளே ஒரு வகை முரசு, முரசொலியில இருந்துதான் ஆரவாரம், பிறகு பகட்டு எண்டு பொருள் விரிஞ்சது, ஆக நாங்கள் புல்லுக்கு முரசு அடிச்சுக்கொண்டு நிக்கிறம். தமிழில பகட்டு இருக்கே! பகட்டுக்கு வேர் பகடு எண்டுதான் நான் கனகாலமாச் சொல்லி வாறன், பகடு எண்டா எருது, "மடுத்தவா யெல்லாம் பகடன்னான்" எண்டு 624ஆம் குறள், பெரிய எருது அலங்காரத்தோட நடந்து வாற பெருமிதம்தான் பகட்டு. எருதும் புல்லும் ஒரே சொல்லுக்குள்ள வந்து நிக்குது பாருங்கோ! ஆகவே "பகட்டூண்". கையேட்டில வாற கோ 3 புல்லுக்கும் இது நல்லாப் பொருந்தும், கோ எண்டாலே பசுதானே.

நுவரெலியா பண்ணை (இப்ப கொழும்பு):
ஐயா, கோ 3ல வர்ற கோ பசுவும் இல்ல, அரசனும் இல்ல. கோயம்புத்தூர். அங்க கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து எடுத்த ரகம்.

தெகிவளை சொல்லாய்வு:
சரி. கோயம்புத்தூரில உள்ள கோ எதில இருந்து வந்தது எண்டு ஆராஞ்சா

வெள்ளவத்தை ரீச்சர்:
ஐயா, வெள்ளிக்கிழமை.

தெகிவளை சொல்லாய்வு:
பகட்டூண் பிடிக்காட்டி வள்ளுவரே தந்த சொல் ஒண்டு இருக்கு. "தீயள வன்றித் தெரியான் பெரிதுண்ணின் நோயள வின்றிப் படும்", 947. பெரிதுண்ணல்! தூய தமிழ், பாமரனுக்கும் விளங்கும், இதுக்கு மேல என்ன வேணும்?

நுவரெலியா பண்ணை:
சொல்லு அழகாத்தான் இருக்கு, விஷயம் தப்பு. குறள்ல பெரிதா உண்டவனுக்கே நோய் வருது. இங்க புல்லுக்கு ஒண்ணும் ஆகுறதில்ல, பச்சைப்பசேல்னு நிக்கும். படுறது மாடு. பொட்டாஷ் கூடினா வேர் மக்னீசியத்தை எடுக்கிறது குறையும், மிச்சம் மீதி இருக்கிற மக்னீசியத்தையும் மாட்டு இரைப்பையில உறிஞ்ச விடாம அதே பொட்டாஷ் தடுக்கும். குளிர்நாடுகள்ல வசந்தகாலத்து இளம்புல்ல மேயுற கறவை மாடு நடுங்கி, இழுத்துக்கிட்டு விழும், பார்க்காம விட்டா செத்தும் போகும். புல் வலிப்புனு சொல்லுவாங்க.

நம்ம பக்கம் பெரிய நட்டம் காசுதான். நாங்க மேய விடுறதில்ல, வெட்டிக் கொண்டுபோய் கொட்டில்ல போடுறோம். மேய்ச்சல்னா மூத்திரத்தோட பொட்டாஷ் திரும்பி அந்த மண்ணுக்கே போயிடும், வெட்டுப்புல்லுனா கட்டோட வெளிய போயிடும். எல்லாத்தையும் ஒரே தடவையில கொட்டினா முதல் வெட்டே பெரும்பகுதிய அள்ளிக்கிட்டுப் போயிடும், மூணாவது வெட்டுக்கு வயல்ல ஒண்ணும் இருக்காது. அதனாலதான் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடச் சொல்றது. சொல்லு எதுவா இருந்தாலும் இந்த விஷயம் அதுல தெரியணும். ஆடம்பரம்னு எழுதி 2021ல இலங்கை அரசாங்கம் போட்ட ரசாயனப் பசளைத் தடையில வாடினவங்க கையில குடுத்தீங்கன்னா என்ன சொல்லுவாங்கனு நான் இங்க எழுத முடியாது.

பம்பலப்பிட்டி பொடியன்:
எனக்கு ஆடம்பரம் எண்ட கருத்திலயே டவுட். எடுத்த பொற்றாசியத்தை புல்லு வீணாக்குதோ? இல்லையே, கலத்துக்குள்ள இருக்கிற பை மாதிரியான புன்வெற்றிடத்துக்குள்ள போட்டு வைக்குது. கலியாண வீட்டில வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு நாளைக்கு எண்டு பார்சலும் கட்டிக்கொண்டு வாற மாமியைப் போலத்தான். மண்ணில சத்து எப்பவும் ஒரே அளவில கிடையாது, மழையோட ஒருக்கா வரும், பிறகு காணாமப் போகும், கிடைக்கேக்க எடுத்து வைச்ச புல்லுதான் பிழைக்கும். வறட்சி வந்தா இலைவாயைத் திறந்து மூடுற காவற்கலத்துக்கு பொற்றாசியம்தான் வேணும், மற்றக் கலங்களும் அதை வைச்சுத்தான் தண்ணியைப் பிடிச்சு வைக்குது. ஆக இதை "முற்சேமிப்பு" எண்டு போடலாம், பகிடிக்கு எண்டா "கட்டுச்சோற்று உள்ளெடுப்பு" 😀

இன்னொண்டு, அறுகம்புல்லு இலையில உப்புச் சுரப்பி இருக்கு, கூடின சோடியத்தை வெளியில தள்ளும். தள்ளத் தெரிஞ்ச சாமானுக்கு வைக்கவும் தெரியாதோ?

நுவரெலியா பண்ணை:
தம்பி சொல்றது காட்டுப்புல்லுக்கு சரி. வெட்டுப்புல்லுக்கு அந்த பார்சலை யார் சாப்பிடுறது? வறட்சி வர முன்னமே நாங்க வெட்டிடுவோம். சேமிப்புனு எழுதினா ஆளுங்க நல்லதுதானேனு இன்னும் ரெண்டு மூட்டை போடுவாங்க.

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பு:
வறட்சி எண்டோன்ன ஞாபகம் வருது, ஸ்ட்ரெஸ்சுக்கு நான் "தகைப்பு" எண்டு போட்டிருக்கிறன். ஓகேயோ?

வெள்ளவத்தை ரீச்சர்:
ஓம் ஓம், தகைப்பே சரி, மாத்தாதேங்கோ.

பம்பலப்பிட்டி பொடியன்:
தகைப்பு எண்டா எனக்கு இரும்புக் கம்பியை இழுக்கிற பௌதிகவியல் கணக்குத்தான் ஞாபகம் வருது, பக்கத்தில விகாரமும் வரும். அங்க தகைப்பு ஓரலகுப் பரப்பில படுற விசை, விகாரம் அதால வாற மாற்றம். புல்லுக்கு எழுதேக்க வறட்சியையும் தகைப்பு எண்டுறம், இலை சுருளுறதையும் தகைப்பு எண்டுறம், எது எது எண்டு பிரிக்கேலாது. உளவியல்காரர் "நெருக்கீடு" எண்டுறாங்கள், அது கேட்டவுடன விளங்குது.

தெகிவளை சொல்லாய்வு:
நெருக்கீடு மனிசருக்கு. தகைத்தல் எண்டா தடுத்தல், வறட்சி வளர்ச்சியைத் தடுக்குது, ஆகத் தகைப்பு மிகப் பொருத்தம். ஆனா தகை எண்டா பெருமை, அழகு எண்டும் பொருள் உண்டு, "தகைசான்ற சொற்காத்து" எண்டு 56ஆம் குறள், இந்த இரண்டு தகையும் ஒரே வேரோ எண்டதை நான் தனி மடலில விரிவா எழுதுறன்.

வெள்ளவத்தை ரீச்சர்:
தயவுசெய்து தனி மடலிலயே எழுதுங்கோ ஐயா. சென்னைக்காரர் தகைவு எண்டுவினம், அழுத்தம் எண்டுவினம், எங்களுக்கு அழுத்தம் எண்டாலே ஒரு குழப்பம், இங்க அது அமுக்கம். அதுக்குள்ள போனா தீபாவளி வந்திடும். தம்பி, சேமிப்பு எண்டு போடக்கூடாது எண்டதுக்கு பண்ணைக்காரர் சொன்ன காரணம் எனக்குச் சரியாப் படுது. அப்ப "மிகையுள்ளெடுப்பு"?

பம்பலப்பிட்டி பொடியன்:
மிகை எண்டா நஞ்சாகிற அளவும் அதுக்குள்ள வரும் ரீச்சர். வளைவை யோசிச்சுப் பாருங்கோ: சத்துக் குறைய வளர்ச்சி குறைவு, பிறகு ஏறும், பிறகு சத்தை எவ்வளவு கூட்டினாலும் வளர்ச்சி தட்டையா நிக்கும், கடைசியில விழும். நாங்கள் தேடுறது அந்தத் தட்டை இடத்துக்கான பேர். மிகை எண்டா விழுற இடமும் சேருது.

வெள்ளவத்தை ரீச்சர்:
விழுற இடத்துக்கு நச்சுத்தன்மை எண்டு சொல் இருக்குத்தானே. எனக்கு மிகையுள்ளெடுப்பு.

நுவரெலியா பண்ணை:
எனக்கும் அதுவே. களைச்சுப் போச்சு.

கொட்டாஞ்சேனை மொழிபெயர்ப்பு:
நன்றி எல்லாருக்கும். அட்டவணையில இடம் காணாது, அதால தலைப்புக்கு "மிகையுள்ளெடுப்பு". உள்ள வாசகத்தில சொல்லே போடேல்ல, "கூடப் போட்டா புல்லு கூட எடுக்கும், ஆனா கூட வளராது, மாட்டுக்கும் கூடாது" எண்டு எழுதியிட்டன். பால்கார ஐயாவுக்கு ஃபோனில வாசிச்சன், இந்த முறை அவர் கேள்வி கேக்கேல்ல, பொட்டாஷ் இப்ப மூட்டை என்ன விலை எண்டு மட்டும் கேட்டார்.

பம்பலப்பிட்டி பொடியன்:
என்ர எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கோ. தட்டை இடத்துக்கு இன்னும் பேர் இல்லை.

தெகிவளை சொல்லாய்வு:
அட்டவணையில இடம்தான் பிரச்சினை எண்டா பகட்டூண் இதைவிடச் சின்னன். எண்ணிப் பாருங்கோ.