பிரிண்டர் மை செலவு: டேங்க் மாடலுக்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக மாதம் 100 பக்கம் வரை அச்சடிக்கிறோம். இருப்பது கார்ட்ரிட்ஜ் பிரிண்டர். கறுப்பு மை 800 ரூபாய். பெட்டியில் 120 பக்கம் என்று போட்டிருக்கிறது. அதாவது பக்கத்துக்கு ஆறரை ரூபாய்க்கு மேல்! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 2 ரூபாய்தான். போன வாரம் மகளின் ப்ராஜெக்ட் 14ஆம் பக்கத்திலேயே வெளிறி, கோடு கோடாக வந்தது. இரவு பத்து மணிக்கு எந்தக் கடைக்குப் போவது? பாவம், அழுதுவிட்டாள்.

அந்த 120 என்பது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர முறைப்படி தொடர்ந்து அச்சடித்துப் பார்த்த கணக்கு. நாங்களோ வாரம் ஒருமுறைதான் ஆன் செய்கிறோம். மை தெளிக்கும் ஹெட்டை பிரிண்டர் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கிலேயே பாதி மை போய்விடுகிறது என்று நினைக்கிறேன்.

டேங்க் மாடல் என்றால் பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் பிரிண்டர். அதற்கான எப்சன் 003 கறுப்பு பாட்டிலில் 65 மில்லி மை, 4,500 பக்கம் வரும் என்கிறார்கள். எங்களுக்கு அது மூன்று வருடத்துக்கு மேல் போதும். ஆனால் இவ்வளவு குறைவாக ஓட்டினால் ஹெட் அடைத்துக்கொள்ளுமா? டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) காயாது என்பதால் கறுப்பு வெள்ளை லேசர் வாங்கிவிட்டு, கலருக்கு மட்டும் கடைக்குப் போவது மேலா?

டேங்க் பிரிண்டரை இரண்டு வருடமாவது வீட்டில் வைத்திருப்பவர்கள், உண்மையில் எத்தனை பக்கம் வந்தது, சர்வீசுக்கு எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வாங்க வேண்டும்.