மடிப்பில் விரிசல்: உருவாக்கும் முறையை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சென்சார் பிடிக்க ஒரு பிராக்கெட், 12 எண்ணிக்கை. 3 மி.மீ. அலுமினியத் தகட்டை வெட்டி இரண்டு இடத்தில் மடித்தால் முடிந்தது. மெஷினிங் வேலைக்கு எப்போதும் 6061-டி6 என்ற அலுமினிய வகையை எடுத்துப் பழகிய கை, டிராயிங்கிலும் அதையே எழுதிவிட்டது. உள்பக்க ஆரம் 1 மி.மீ. பார்க்க அழகாக இருந்தது, வேறு காரணம் இல்லை.

தகடு மடிக்கும் பிரஸ் பிரேக் இயந்திரத்தை ஓட்டுபவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், இது வெடிக்கும்" என்றார். ஒன்றை மட்டும் மடித்துப் பார்க்கச் சொன்னேன். மடிப்பின் வெளிப்புறம் முழுக்கக் கீறல் ஓடியது. அந்த உலோகம் ஏற்கெனவே சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. இழுபட அதற்கு மனசே இல்லை. தடிமனைப் போல குறைந்தது 3 மடங்கு ஆரமாவது கொடுத்திருக்க வேண்டும். எளிதில் மடியும் 5052-எச்32 வகைக்கு மாறினோம், 3 மி.மீ. ஆரத்தில் சுத்தமாக மடிந்தது. வலிமை கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒரு சென்சாரின் எடைக்கு எவ்வளவு வேண்டும்?

அதோடு விடவில்லை. மடிப்புக்கு ஒட்டி நான் போட்டிருந்த துளை முட்டை வடிவமாகிவிட்டது. அதைத் தள்ளி வைத்து மறுபடி வெட்டினோம்.

இப்போது அடுத்த பாகம், ஒரு எஃகு நெம்புகோல். முதலில் 40, ஓடினால் 2000 வரை போகலாம். ஃபோர்ஜிங்கா (சூடான உலோகத்தை டை என்ற அச்சில் அடித்து வடிவமைப்பது), வார்ப்பா, கட்டியிலிருந்து கடைவதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

*

நான் அடி வாங்கியது வார்ப்பில். அலுமினியப் பிரஷர் டை காஸ்டிங், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு டைக்குள் அடித்து வார்ப்பது. பாகம் ஒரு பம்ப் மூடி. வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. சீல் உட்காரும் முகத்தை 2 மி.மீ. கடைந்ததும் ஊசிமுனைத் துளைகள், சோதனையில் கசிவு. டையைத் தொட்டு முதலில் உறையும் மேல்தோல்தான் அடர்த்தியாக இருக்கும். வேகமாக அடிக்கும்போது சிக்கிய காற்று உள்ளே இருக்கும். நாங்கள் நல்ல தோலைச் சீவி எறிந்துவிட்டுக் கெட்டதைச் சீலுக்குக் கொடுத்திருக்கிறோம்! வலிமை கூட்டலாம் என்று யாரோ சொல்ல, சிலவற்றைச் சூட்டுப்பதம் செய்தோம். உள்ளே இருந்த வாயு விரிந்து மேலே கொப்புளம் கொப்புளமாக வந்தது.

கடையும் அளவை அரை மி.மீ.க்குக் குறைத்தோம். போல்ட் ஏறும் கனமான புடைப்பைக் குடைந்து, சுவர்த் தடிமனோடு சமமாக்கினோம். அதற்குப் பிறகு கசிவு இல்லை.

*

நெம்புகோல் என்றதும் எல்லோரும் ஃபோர்ஜிங் என்பார்கள், நானும் அப்படிச் சொன்னவன்தான். தடித்த எஃகுத் தகட்டிலிருந்து எல் வடிவத்தில் வெட்டிய கொக்கி ஒன்று சில மாதங்களில் மூலையில் முறிந்தது. உருட்டிய தகட்டில் உலோகத்தின் இழை, மரத்தில் போல, ஒரே திசையில் ஓடும், ஆகவே எல்-லின் ஒரு கால் இழைக்குக் குறுக்கே விழுந்து பலவீனமாகிறது. அடித்து வளைத்த பாகத்தில் இழை மூலையோடு சேர்ந்து திரும்பும். பாடம் சரிதான். டை செய்யப் போகும் முன் முறிந்த முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். விரிசல் தொடங்கியது உள்மூலையில், அங்கே ஆரம் 1 மி.மீ. கூட இல்லை. அதை 6 மி.மீ. ஆக்கி, அதே தகட்டில் வெட்டிப் போட்டோம். இன்னும் ஓடுகிறது.

இழையைக் குறை சொல்வது எளிது, மூலையை வரைந்தது நாம்தான். 40 எண்ணிக்கைக்கு ஃபோர்ஜிங் டை செய்ய வேண்டாம். கட்டியிலிருந்து கடையுங்கள்.

*

நெம்புகோலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். 25 கூம்பு மூடிகள். பிரஸ் டூல் கட்டுப்படியாகாது என்று ஸ்பின்னிங் கொடுத்தோம். சுழலும் அச்சின் மேல் தகட்டை உருளையால் அழுத்திப் படிய வைப்பது. அச்சு ஒன்று போதும், சீக்கிரம் வந்தது. ஆனால் கையில் எடுத்தால் டப்பா மாதிரி அமுங்கியது. உருளை ஒரே ஓட்டத்தில் நீட்டி இழுத்தால் தடிமன் கூம்பின் அரைக்கோணத்தின் சைன் அளவுக்கு இறங்கும். எங்கள் அரைக்கோணம் 30 டிகிரி, ஆக 2 மி.மீ. தகடு 1 மி.மீ. ஆகிவிட்டது. டிராயிங்கில் 'தகடு 2 மி.மீ.' என்று இருந்ததே தவிர, முடிந்தபின் எவ்வளவு வேண்டும் என்று எழுதவில்லை. அவர் மேல் தப்பே இல்லை.

*

எல்லோருக்கும் நன்றி. முதல் 40-ஐக் கடைந்தே எடுக்கிறேன், உள்மூலை ஆரத்தைக் கூட்டியாயிற்று. பக்கச் சுவர்களுக்கு இப்போதே சில டிகிரி சரிவு கொடுத்துவிட்டேன். 2000 வந்தால் டையிலிருந்து பாகம் கழன்று வர வேண்டுமே. அப்புறம், டிராயிங்கில் இருந்த 'ஃபோர்ஜிங்' என்ற சொல்லை அடித்துவிட்டு, எங்கே எவ்வளவு விசை விழும், எந்த முகம் கட்டாயம் சமமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறேன். பட்டறையிலிருந்து அதற்குள் மூன்று கேள்வி வந்துவிட்டது, மூன்றும் நான் யோசிக்காதவை.