ஃபிளாக்கா, எம்பி3யா: காதுக்கு விளங்குமா?

கேள்வி: கோணேசர் கோயில் திருவிழாத் தவில், நாதஸ்வரப் பதிவுகள் ஃபிளாக்கில் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) இருக்கு. எம்பி3 (ஒலியில் கொஞ்சத்தை விட்டுச் சிறிதாக்கும் வகை) ஆக்கினால் வித்தியாசம் விளங்குமா, அண்ணாமார்?

பதில்: எம்பி3யை விநாடிக்கு 128 கிலோபிட்டில் எடுத்தால் விளங்கும். தவிலடி விழ முன்னமே சின்ன இரைச்சல் பரவும், தாளத்தின் கூர்மை மழுங்கும். 320இல் பெரும்பாலான காதுகளுக்குப் பிடிபடாது.

பதில்: ஊகிக்காதீங்க தம்பி, சோதிச்சுப் பாருங்க. அதே ஃபிளாக்கிலிருந்தே எம்பி3 எடுங்க. ஃபூபார்2000 என்ற கணினி ஒலி இயக்கியில் ஏபிஎக்ஸ் செருகியை (எந்தக் கோப்பு ஓடுது என்பதை மறைச்சு, கண்டுபிடிக்கச் சொல்லும் கருவி) போட்டு, தவில் தனியாக வாற 10 விநாடித் துண்டை 16 தரம் கேளுங்க. 12 அல்லது கூடச் சரியென்றால், வெறும் குருட்டு ஊகத்தில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஒலியளவைக் கட்டாயம் சமப்படுத்துங்க. கொஞ்சம் சத்தம் கூடினதையே காது நல்லதென்று எடுக்கும். புளூடூத் வேண்டாம், அது திரும்பவும் சுருக்கும்.

பதில்: மூலத்தை மட்டும் அழிச்சிடாதீங்க. எம்பி3யைத் திரும்ப ஃபிளாக் ஆக்கினால் கோப்புத்தான் பெருக்கும், போன ஒலி வராது.