மேயோ கவுண்டியின் போர் நினைவிடம்: பிரிட்டிஷ் சீருடையில் இறந்தவர்களுக்குக் கல் தேவையா?

மழைக்காதலன்:
நான் இருப்பது அயர்லாந்தின் மேற்கே, மேயோ கவுண்டியில், காசில்பார் ஊரில். இங்கே 'மேயோ அமைதிப் பூங்கா' என்று ஒன்று உண்டு. 2008 அக்டோபரில் அன்றைய குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் திறந்து வைத்தது. உலகப் போர்களில் இறந்த இந்தக் கவுண்டிக்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் போரில் செத்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் படையில் இருந்தவர்கள்; அயர்லாந்து அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அந்தப் போர் முடிந்து தொண்ணூறு வருடம் கழித்துத்தான் இந்தப் பூங்காவே வந்தது. தாமதமானாலும் நல்ல காரியம்.

நெருப்புக்கோழி:
தாமதத்துக்குக் காரணம் மறதி இல்லை நண்பரே, வெட்கம். மேயோ எப்படிப்பட்ட மண்? 1879இல் குத்தகை விவசாயிகள் நில உரிமைச் சங்கம் தொடங்கியது உங்கள் காசில்பாரில்தான். மறு வருடம் கேப்டன் பாய்காட் என்ற நிலப்பிரபுவின் ஏஜெண்டை இதே கவுண்டி மக்கள் ஒதுக்கி வைத்தார்கள். நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் 'பாய்காட்' அந்த ஆளின் பெயர். அந்த மண்ணில் சாம்ராஜ்யத்தின் துப்பாக்கியைத் தூக்கியவனுக்குக் கல்லா? பிரிட்டனில் 1916இல் வந்த கட்டாய ஆள்சேர்ப்பு அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. 1918இல் திணிக்கப் பார்த்தபோது நாடே எழுந்து தடுத்துவிட்டது. ஆக, போனவர்கள் தாங்களாகவே போனவர்கள்.

மழைக்காதலன்:
தாங்களாகவா! பாறையும் சதுப்பும்தான் இங்கே பாதி நிலம். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய ஊர். படையில் சேர்ந்தால் மனைவி கைக்கு வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் வரும். அப்புறம், படைக்குப் போனால் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைக்கும் என்று ஐரிஷ் கட்சித் தலைவர் ஜான் ரெட்மண்ட் சொன்னதை நம்பிப் போனவர்களும் உண்டு. அவர்களை ஏமாளிகள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். துரோகிகள் என்றால் மாட்டேன்.

நெருப்புக்கோழி:
பரிதாபப்படலாம், சரி. பரிதாபத்துக்கெல்லாம் பூங்கா கட்டுவார்களா?

பழையகணக்கு:
இரண்டு பேரும் கனாட் ரேஞ்சர்ஸை விட்டுவிட்டீர்கள். மேயோவையும் பக்கத்துக் கவுண்டிகளையும் நம்பி ஆள் எடுத்த பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் அது. 1914இல் அதன் முதல் பட்டாலியன் நம் ஃபெரோஸ்பூரில் இருந்தது. லாகூர் டிவிஷனோடு, இந்தியச் சிப்பாய்களோடு, பிரான்சுக்குப் போனது. 1920 ஜூனில் அதே பட்டாலியன் ஜலந்தரில் இருக்கிறது. சொந்த ஊரில் ஐரிஷ் விடுதலைப் போரை அடக்க பிரிட்டிஷ் அரசு இறக்கிய 'பிளாக் அண்ட் டான்ஸ்' போலீஸ் படை செய்யும் அட்டூழியம் காதுக்கு வர, இனி வேலை செய்ய மாட்டோம் என்று துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். கலகம் சோலன் முகாமுக்கும் பரவியது. அங்கே ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போனவர்கள்மீது சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பீட்டர் சியர்ஸ், மேயோவில் நீல் என்ற ஊர்க்காரர். நவம்பரில், சோலன் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டாலியைத் தக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். 1970இல்தான் மூவரின் உடல்களும் அயர்லாந்து திரும்பின.

இன்னொன்று. 'பாய்காட்' என்ற வார்த்தையைப் புழக்கத்தில் விட்டதாகச் சொல்லப்படும் பாதிரியார் ஜான் ஓமாலி இருந்ததும் அதே நீல்தான்! இப்போது சொல்லுங்கள், பிரிட்டிஷ் சீருடையோடு பிரிட்டிஷ் குண்டில் செத்த சியர்ஸை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

நெருப்புக்கோழி:
தனிப் பட்டியலில். எல்லோரையும் கலந்தால் என்ன ஆகும் என்று டப்ளின் கிளாஸ்னெவின் கல்லறையில் பார்த்தோமே. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 டப்ளின் எழுச்சியில் இறந்த கிளர்ச்சிக்காரர், பொதுமக்கள், பிரிட்டிஷ் சிப்பாய் எல்லோரையும் ஒரே சுவரில் எழுதினார்கள். 2017இல் பெயிண்ட் வீசினார்கள், 2020இல் சுத்தியலால் அடித்தார்கள். கடைசியில் நிர்வாகமே அதைக் கைவிட்டது.

மழைக்காதலன்:
அங்கே சுட்டவனும் சுடப்பட்டவனும் பக்கத்தில் பக்கத்தில். இங்கே அப்படியில்லை, எல்லாம் ஒரே கவுண்டிப் பிள்ளைகள். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சொன்னது: அவருடைய தாத்தாவின் மெடல்கள் மாட்டுக்கொட்டகையில் பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தனவாம், பாட்டி சாகும்வரை. வீட்டுக்குள் வைக்கப் பயம். செத்தவனுக்காக அழக்கூட அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்த வீடுகள் இவை.

கரிசல்காட்டான்:
நடுவில் நுழைகிறேன். நம் பக்கம் சில கிராமங்களில் பழைய கல் இருக்கும், கவனித்திருப்பீர்கள். 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள்' என்று. வெறும் எண்தான், பெயர் கிடையாது. எண்ணோடு யார் சண்டைக்குப் போவார்கள்? மேயோக்காரர்களுக்குத் திட்டுவதற்காவது பெயர் கிடைத்திருக்கிறது.

நெருப்புக்கோழி:
கரிசல் அண்ணாச்சி, அது நியாயம். பெயரே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. 'அமைதிப் பூங்கா' என்று பூசி மெழுகுவதுதான் உறுத்துகிறது. யாருடைய போருக்கு, யார் கூட்டிப்போய் இவர்களைச் சாகக் கொடுத்தார்கள் என்று வாசலில் எழுதட்டும். அதற்குப் பிறகு மற்றதைப் பேசலாம்.

மழைக்காதலன்:
அப்படியென்றால் நம் சண்டை வாசல் பலகையோடுதான், உள்ளே இருக்கும் பெயர்களோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் நீலுக்குப் போய்விட்டு வந்து சியர்ஸைப் பற்றி எழுதுகிறேன்.

பழையகணக்கு:
மேயோவில் மழை விட்டு, நீங்கள் போய்... சரி, காத்திருக்கிறோம்.