செடி இலைகள் கரைகின்றன, கண்ணாடியில் பழுப்புப் படலம்: தொட்டியில் எப்போது மீன் விடலாம்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியில் நீர்த்தாவரங்களை வளர்த்து, அவற்றினிடையே சில சிறு மீன்களையும் விட வேண்டும் என்ற விருப்பத்தில் இரண்டு வாரங்களுக்கு முன் அதனை அமைத்தேன். அடியில் கழுவிய மணலை 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் ஆகியவற்றில் இரண்டிரண்டு செடிகளை நட்டிருக்கிறேன். ஃபில்டர் இடைவிடாமல் ஓடுகிறது, எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் 12 மணி நேரம் எரிகிறது.

இப்போது கிரிப்டோகோரைன் இலைகள் நிறமிழந்து, தொட்டால் கூழாகக் கரைகின்றன. அனுபியாஸின் தண்டு மணலுக்குள் மென்மையாகி நாறுகிறது. கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பு நிறத்தில் தூள் படிகிறது. ஆனால் நீர் மிகத் தெளிவாகவே இருக்கிறது. உரம் இட வேண்டுமா, கரியமில வாயு சிலிண்டர் வாங்க வேண்டுமா, இந்த நிலையில் மீன் விடலாமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

நீங்கள் ஒரே நோயாக எண்ணும் இவை மூன்றும் வெவ்வேறானவை. கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே இலைகளைக் கரைத்துவிடும் இயல்புடையது. தவிர, விற்பனைக்கு வரும் நீர்த்தாவரங்களில் பல, பண்ணைகளில் நீருக்கு வெளியே ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டவை. காற்றில் விட்ட இலை நீருக்குள் நிலைப்பதில்லை. வேர் உறுதியாக இருந்தால் செடியைப் பிடுங்காமல், அழுகிய இலைகளை மட்டும் நறுக்கி அகற்றுங்கள். சில வாரங்களில் நீருக்கேற்ற புதிய இலைகள் வரும். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மறுபடியும் முதலிலிருந்து கரையத் தொடங்கும்.

அனுபியாஸைப் பொறுத்தவரை, தவறு நட்ட முறையில் இருக்கிறது. அதற்கும் ஜாவா ஃபெர்னுக்கும் கிடைமட்டமாக வளரும் தடித்த தண்டு உண்டு. அதிலிருந்துதான் மேலே இலையும் கீழே வேரும் பிரிகின்றன. அந்தத் தண்டை மணலில் புதைத்தால் அழுகும். மென்மையான பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சியதைக் கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள்.

பழுப்புத் தூள் டயாட்டம் என்னும் நுண்பாசி. புதிய தொட்டிகளில் பெரும்பாலும் தோன்றி, தொட்டி நிலைப்பட்டதும் தானே குறைந்துவிடும். துடைத்தால் போதும், மருந்து வேண்டாம்.

மறுமொழி 2

மீனைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்: இப்போது வேண்டாம். நீரின் தெளிவு எதற்கும் சான்றாகாது, ஏனெனில் அம்மோனியாவுக்கு நிறமில்லை. மீனின் கழிவிலிருந்தும், மிஞ்சிய இரையிலிருந்தும், உங்கள் தொட்டியில் இப்போது அழுகும் இலைகளிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா செவுள்களைச் சிதைக்கும். நைட்ரைட் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். நைட்ரேட்டோ, அளவோடு இருக்கும்வரை செடிக்கு உணவு. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும்போது, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் சேர்த்துப் பாருங்கள். நீரில் அம்மோனியா இருவகையாக இருக்கிறது. அவற்றுள் மீனைக் கொல்லும் வகையின் பங்கு, பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. ஆகவே ஒருவருடைய தொட்டியில் தீங்கு செய்யாத அளவு மற்றொருவருடைய தொட்டியில் மீன்களைக் கொன்றுவிடலாம்.

குழாய் நீரில் குளோரின் இருந்தால், அதனை நீக்கும் திரவத்தைக் கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசுங்கள். இல்லையெனில் வளர்த்த பாக்டீரியாவை நீங்களே அழித்துவிடுவீர்கள். ஓர் இடைக்குறிப்பு: உங்கள் தொட்டியின் கணக்குக் கொள்ளளவு 54 லிட்டராக இருந்தாலும், மணலையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உண்மையான நீர் 40 லிட்டரை ஒட்டியே இருக்கும். எந்தத் திரவத்தையும் அந்த அளவுக்கே கலக்கவும்.

மறுமொழி 3

மேலே சொன்னதோடு ஒரு பகுதி மாறுபடுகிறேன். வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்ட தொட்டியில் அம்மோனியாவைச் செடிகளே நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. அங்கே ஆறு வாரம் காத்திருக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் உங்களிடமுள்ள மூன்றும் மெதுவாக வளர்பவை, அவற்றுள் இரண்டு இப்போது அழுகவும் செய்கின்றன. ஆகவே ஹார்ன்வர்ட், வாட்டர் விஸ்டீரியா, வாலிஸ்நேரியா போன்றவற்றுள் கிடைப்பதை நிறையச் சேருங்கள். ஹார்ன்வர்ட்டுக்கு வேரே கிடையாது. மிதக்க விட்டாலும் வளரும்.

விளக்கை 6 அல்லது 7 மணி நேரமாகக் குறையுங்கள். செடிகள் பயன்படுத்த இயலாத ஒளி முழுவதும் பாசிக்கே போய்ச் சேருகிறது. இந்தச் செடிகளுக்குக் கரியமில வாயு சிலிண்டர் தேவையில்லை. வெறும் மணலில் சத்து இல்லாததால், கிரிப்டோகோரைனின் வேரருகே மட்டும் உர வில்லை ஒன்றைப் புதைக்கலாம். அதுவும் புதிய இலை வந்த பிறகு.

கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. அனுபியாஸில் ஒன்று பிழைத்தது, மற்றொன்றை இழந்தேன். கிரிப்டோகோரைன் இரண்டிலும் புதிய இலைகள் வந்துள்ளன. பழுப்புப் படலம் அநேகமாக மறைந்துவிட்டது. நைட்ரைட் ஒரு கட்டத்தில் ஏறியது. கடந்த பத்து நாட்களாக அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவே காட்டுகின்றன. நியான் டெட்ரா ஆறு வாங்கலாமா? செடிகளோடு வந்த சிறு நத்தைகள் பெருகியிருப்பதும் கவலையளிக்கிறது.

மறுமொழி 2 எழுதியவர்

உங்கள் நீர் தாது உப்புகள் குறைந்த மென்னீராக இருந்தால் நியான் டெட்ரா பொருந்தும். அவை மிகுந்த கடின நீராயின் ஆண் கப்பி மீன்களைத் தேர்ந்தெடுங்கள், பெண்ணையும் சேர்த்தால் குஞ்சுகள் தொட்டியை நிறைத்துவிடும். கூட்டமாக வாழும் மீன் என்பதால் டெட்ரா ஆறுக்குக் குறையக் கூடாது. முதல் இரு வாரங்கள் சிறிதளவே இரையிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் நைட்ரைட்டைச் சோதியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள்.

நத்தைகளைக் கொல்ல வேண்டாம். அழுகிய இலையையும் பாசியையும் தின்கின்றன. நலமான செடியைத் தொடுவதில்லை. மீன் வந்த பிறகு அவற்றின் எண்ணிக்கை திடீரென்று கூடினால், இரை மிஞ்சுகிறது என்று அறிந்து அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.